ரத்தக்குழாய்க்கு விட்டமின் இ, சி மாத்திரை கொடுக்கலாமா?

ராயபுரம்வாசி:
அப்பாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரையும் ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். வயதானால் ரத்தக்குழாய் விறைத்துப்போகும், விட்டமின் இ, சி போட்டால் தடுக்கலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதிலிருந்து வாங்கித்தா என்று நிற்கிறார். கொடுக்கலாமா?

தண்டையார்பேட்டை பார்மசிஸ்ட்:
சகோ, டாக்டரைக் கேட்காமல் விட்டமின் இ வேண்டவே வேண்டாம். அதிக டோஸில் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். அண்ணன் சொல்வதில் பாதி சரி. குழாயின் உள்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுதான் குழாயைத் தளர்த்துகிறது, வயதாக ஆக பெருகும் ஃப்ரீ ரேடிக்கல்கள் (செல்களைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகள்) அதை அழிக்கின்றன; விட்டமின் இ, சி அவற்றை அடக்கும் என்பதுதான் கணக்கு. ஆனால் பிரிட்டனில் 20,536 பேரை வைத்து நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், பாதிப் பேருக்கு தினமும் 600 மி.கி. இ, 250 மி.கி. சி, 20 மி.கி. பீட்டா கரோட்டின் (உடலில் விட்டமின் ஏ ஆக மாறும் சத்து) என்று 5 வருடம் கொடுத்தும் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை.

காசிமேட்டு அக்கா:
அப்பா பீடி பிடிப்பாரா தம்பி? அப்படியானால் பீட்டா கரோட்டின் மாத்திரை பக்கமே போகாதீர்கள், புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும். நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை போதும். அப்புறம் கருவாடு, அதில் உப்பு அதிகம், பிரஷர்காரருக்கு ஆகாது.

ராயபுரம்வாசி:
பீடி இல்லை அக்கா. கருவாடுதான் தினமும் வேண்டும் என்பார், அம்மாவிடம் பேசுகிறேன். மாத்திரை வாங்கவில்லை.