மறு: சோர்வெதிர்ப்பா, நீடாற்றலா? 'தளராமை' என்று ஒரு முன்மொழிவு

அன்பு நண்பர்களுக்கு,

சாலை மிதிவண்டிப் பந்தயம் பற்றிய எழுத்துகளில் வரும் 'ஃபட்டீக் ரெசிஸ்டன்ஸ்' (fatigue resistance) என்பதற்கு ஈடான தமிழ்ச்சொல் எது என்ற கேள்விக்குச் சோர்வெதிர்ப்பு, களைப்புத்தாங்கல், நீடாற்றல், நீடித்துழைப்பு என நான்கு சொற்கள் இந்த இழையில் வந்துவிட்டன. நான்கும் நல்ல தமிழ்தான். ஆனால் நாம் ஆளுக்கொரு பொருளை மனத்தில் வைத்துப் பேசுகிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் பொருளைப் பார்ப்போம்.

இத்தாலியின் மிலான்–சான் ரெமோ ஒருநாள் பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய பிறகுதான் போஜ்ஜோ மேடு வருகிறது. நீளம் 3.7 கிலோமீட்டர், சராசரி ஏற்றம் நான்கு விழுக்காட்டைக்கூடத் தொடாது. முன்னணி வீரர்கள் ஆறு நிமிடத்துக்குள் ஏறிவிடுகிறார்கள். காலையில், கால் புதிதாக இருக்கும்போது அதே வேகத்தில் ஏறச் சொன்னால் அந்தக் கூட்டத்தில் பலரால் முடியும். ஆறு மணி நேரம் மிதித்த காலோடு ஏறச் சொன்னால் சிலரால்தான் முடியும். 2023இல் நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் பூல் அந்த மேட்டின் உச்சிக்கு அருகில் பாய்ந்து, தனியாகவே போய் வென்றார். நாம் பெயர் தேடுவது அந்தக் கடைசி நிமிடங்களில் மிஞ்சியிருக்கும் வலிமைக்கு.

இதை அளக்கவும் செய்கிறார்கள். ஒருவர் ஐந்து நிமிடத்துக்குத் தரக்கூடிய உச்சத் திறனை வாட்டில் முதலில் பார்ப்பார்கள். பிறகு அவர் குறிப்பிட்ட அளவு வேலை செய்து முடித்ததும் அதையே மறுபடி பார்ப்பார்கள். தொழில்முறை வீரர்களை வைத்து வான் எர்ப் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வு உடல் எடையில் கிலோவுக்கு 10, 20, 30 என்று 50 கிலோஜூல் வரை படிப்படியாகப் போனது. 65 கிலோ எடையுள்ளவருக்கு 50 என்றால் 3,250 கிலோஜூல். வெற்றி பெறுபவர்களைப் பிரித்துக் காட்டியது புதுக்காலில் தந்த வாட் அல்ல, இவ்வளவு வேலைக்குப் பிறகும் அதில் எவ்வளவு நின்றது என்பதுதான்.

அதே 2021இல் மான்டர் குழுவினர் இதற்கு 'டியூரபிலிட்டி' (durability) என்று பெயர் வைத்து, இரண்டு கேள்விகளாகப் பிரித்தார்கள்: சரிவு எப்போது தொடங்குகிறது, எவ்வளவு சரிகிறது. 2024இல் உடலியல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் 'ரெசிலியன்ஸ்' (resilience) என்றார். நெடுநேர விளையாட்டுத் திறமையை மதிப்பிடும் அதிகபட்ச ஆக்சிஜன் ஏற்பு, லாக்டேட் வாசல் (இரத்தத்தில் லாக்டேட் ஏறத் தொடங்கும் உழைப்பளவு), இயக்கச் சிக்கனம் (ஒரே வேகத்துக்கு ஆகும் ஆக்சிஜன் செலவு) ஆகிய மூன்றோடு இது நான்காவது அளவுகோல் என்பது அவர் வாதம். ஆங்கிலத்திலேயே மூன்று பெயர் புழங்குவதால், ஒன்றைப் பிடித்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் கட்டாயம் நமக்கு இல்லை.

இப்போது நம் சொற்களுக்கு வருகிறேன். சோர்வெதிர்ப்பில் எனக்குள்ள சிக்கல், அது நோயெதிர்ப்பு போல ஒலிக்கிறது என்பது. சோர்வு வராமல் தடுப்பது என்றே யாரும் படிப்பார்கள். உண்மையில் சோர்வு எல்லோருக்கும் வருகிறது. தசையில் சேமித்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் குறைகிறது. முதலில் உழைத்த மெதுநார்கள் (மெதுவாகச் சுருங்கும் தசைநார்கள்) களைக்க, கூடுதல் செலவு வைக்கும் விரைநார்களை உடல் துணைக்கு அழைக்கிறது. அதே வாட்டுக்கு இதயம் வேகமாகத் துடிக்கிறது. யாரும் இதிலிருந்து தப்புவதில்லை. களைப்புத்தாங்கலோ களைப்பைப் பொறுத்துக்கொள்ளும் மன உறுதியைச் சொல்கிறது, வாட் குறையாமல் இருப்பதைச் சொல்லவில்லை.

நீடாற்றல் அழகான சொல். ஆனால் அதை 'எண்டியூரன்ஸ்' (endurance) என்பதற்கு விட்டுவைக்க வேண்டும். இரண்டும் வேறு. நாள் முழுக்க ஒரே சீராக ஓட்டக்கூடியவருக்குக் கடைசி மேட்டில் கால் எழும்பாமல் போகலாம். மேலும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆற்றல் என்பது ஜூலில் அளப்பது, திறன் என்பது வாட்டில் அளப்பது. இங்கே பேச்சு வாட்டைப் பற்றி. நீடித்துழைப்பை நான் மறுப்பதற்குக் காரணம் எளியது: டயரும் செயினும் நீடித்து உழைக்கும் என்று மிதிவண்டிக்காரர்களே தினமும் சொல்கிறோம். ஒரே பத்தியில் டயரும் வீரரும் வந்தால் குழப்பம்தான்.

என் முன்மொழிவு 'தளராமை'. தளர்தல் என்பது இருந்த வலு இறங்குவது. நடை தளர்ந்தது, பிடி தளர்ந்தது என்கிறோம். எதுவுமே நடக்காததுபோல் இருப்பதை அது சொல்லவில்லை, இறங்காமல் நிற்பதைச் சொல்கிறது. வினையாகவும் அப்படியே ஓடும்: 'மூன்றாம் மணியில் தளரத் தொடங்கினார்', '3,000 கிலோஜூலுக்குப் பிறகும் தளராதவர்'. மான்டரின் இரண்டு கேள்விகளும் தளர்தொடக்கம், தளர்வளவு என்று பிரிந்துவிடும். எண்ணோடும் ஒட்டும். புதுக்காலில் 420 வாட் தருபவர் 357க்கு இறங்கினால் தளராமை 85 விழுக்காடு. 400 தருபவர் 380இல் நின்றால் 95 விழுக்காடு. போஜ்ஜோவில் நான் இரண்டாமவர் பக்கம்தான் நிற்பேன்.

மனந்தளராமை நினைவுக்கு வரும் என்ற மறுப்பு நியாயமானது. அதனால் கட்டுரையில் முதல்முறை வரும்போது 'திறன் தளராமை' என்று முழுதாக எழுதலாம். இலங்கையில் வாட்டில் அளப்பதை வலு என்கிறார்கள், அங்கே 'வலுத் தளராமை'. முன்னொட்டு மாறினாலும் கருச்சொல் இரு பக்கமும் ஒன்றே. 'நோன்மை' என்ற பழஞ்சொல்லை ஒருவர் நினைவூட்டியிருந்தார். பொறுமை, வலிமை இரண்டும் அதில் இருப்பது அருமைதான். ஆனால் அதை வினையாக்கி ஒரு பயிற்சியாளர் வாயில் வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

இன்னொன்று முடிவாக வேண்டும். மாவுச்சத்து ஊட்டினால், நெடுநேர மிதிப்பில் மாறுநிலைத் திறன் (ஒருவர் நிலையாகத் தாங்கக்கூடிய உச்ச வாட்) குறைவது மட்டுப்படுகிறது என்று சோதனைகள் காட்டுகின்றன. இது ஒரு நாளுக்குள் நடப்பது, தளராமையில் அடங்கும். மூன்று வாரப் பந்தயத்தில் நாளுக்கு நாள் ஏறும் தளர்வு வேறு. 2023 டூர் டி பிரான்சின் 17ஆம் கட்டத்தில், லோஸ் கணவாய் ஏற்றத்தில் பொகச்சார் தன் போட்டியாளர் விங்ககோரிடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் இழந்தாரே, அதைத் தளராமைக் குறைவு என்று மட்டும் எழுதினால் போதாது. இரவோடு இரவாக உடல் மீளும் அந்தத் திறத்துக்கு 'மீள்தகவு' எனலாமா? அதை ஒத்த மீள்தன்மை என்ற சொல்லைப் பொருளறிவியலில் மீட்சிக்கு (இழுத்து விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் பண்புக்கு) ஏற்கெனவே ஆள்கிறார்கள், அதனால் தயங்குகிறேன். இயற்பியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.