இரண்டாவது வித்தியாசம் 4 வருது, சூத்திரம் மட்டும் வரலை

கோத்தகிரி_பத்தாப்பு:
5, 12, 23, 38, 57... இதற்குப் பொது உறுப்பு (எந்த இடத்து எண்ணையும் தரும் சூத்திரம்) காணணும். எத்தனையாவது உறுப்பு என்பதற்கு ந என்று போடுகிறேன். முதலில் கூட்டுத் தொடர்வரிசை (ஒரே எண்ணைக் கூட்டிக்கிட்டே போவது) என்று நினைத்து 5 + (ந − 1) × 7 போட்டேன். மூன்றாவது உறுப்பு 19 வருது, ஆனா அங்கே இருப்பது 23. அப்புறம் வித்தியாசம் எடுத்தேன்: 7, 11, 15, 19. அதற்கும் வித்தியாசம் எடுத்தா எல்லாமே 4. அதனால 4ந² என்று ஆரம்பித்துக் கழித்தா 1, −4, −13, −26 என்று எங்கேயோ போகுது. எங்கே தப்பு?

குன்னூர்_கணக்கு:
வித்தியாசம் எடுத்த வரைக்கும் சரி. 4ந² என்று போட்ட இடத்தில்தான் தப்பு. அந்த 4-ல் பாதிதான் ந²-க்கு முன்னால் வரணும்.

ஏன் பாதி என்று புரிந்தால் மறக்காது. வெறும் ந²-ஐ எடுத்துக்கோங்க: 1, 4, 9, 16, 25. வித்தியாசம் 3, 5, 7, 9. அதன் வித்தியாசம் 2, 2, 2. ஒரே ஒரு ந² இருந்தாலே இரண்டாவது வித்தியாசம் 2 வந்துவிடுகிறது. உங்களுக்கு 4 வந்திருக்கு, அப்போ உள்ளே இரண்டு ந² இருக்கு.

இப்போ 2ந²-ஐக் கழியுங்க:
5 − 2 = 3
12 − 8 = 4
23 − 18 = 5
38 − 32 = 6
57 − 50 = 7
மிச்சம் 3, 4, 5, 6, 7. இது ந + 2. விடை 2ந² + ந + 2.

நீங்க 4ந² கழித்தபோது மிச்சத்தின் வித்தியாசம் −5, −9, −13 என்று மாறிக்கிட்டே இருந்தது. அதுதான் அடையாளம். ந² சரியான அளவு போயிருந்தால் மிச்சம் கூட்டுத் தொடர்வரிசையாகத்தான் இருக்கணும். இல்லையென்றால் மேலே போகாமல் பாதி போட்டோமா என்று திரும்பிப் பாருங்க.

குறிஞ்சி_12:
பரீட்சையில் நேரம் இல்லாதபோது இன்னும் குறுக்கு வழி: வரிசையைப் பின்னால் ஒரு படி நகர்த்துங்க. 7-க்கு முன்னால் இருந்திருக்க வேண்டிய வித்தியாசம் 7 − 4 = 3. அப்போ 5-க்கு முன்னால் 5 − 3 = 2. இது 0-ஆவது உறுப்பு. ந = 0 போட்டால் ந இருக்கும் எல்லாமே அடிபட்டுப் போய்விடும், எனவே கடைசி எண் 2. ந² முன்னால் 2 என்று ஏற்கெனவே தெரியும். ந = 1-ல் மூன்றும் சேர்ந்து 5 ஆகணும்: 2 + ? + 2 = 5. நடுவில் 1. முடிந்தது.

இந்த 0-ஆவது உறுப்பு சாதாரணக் கூட்டுத் தொடர்வரிசைக்கும் உதவும். பெரும்பாலான பிள்ளைகள் மதிப்பெண் விடுவது அங்கேதான். நம்ம மலைக் குறிஞ்சி பூத்த வருஷங்களையே பாருங்க: 1982, 1994, 2006, 2018. உடனே 1982 + 12ந என்று எழுதிடுவாங்க. ந = 1 போட்டா 1994 வரும், முதல் உறுப்பே காணோம். 1982-க்கு ஒரு படி முன்னால் 1970. எனவே 1970 + 12ந. 2030 இதில் உண்டா? 2030 − 1970 = 60, 12-ஆல் வகுத்தால் 5. உண்டு, ஐந்தாவது உறுப்பு. 2040? 70-ஐ 12 வகுக்காது, எனவே 2040 உறுப்பு இல்லை. ந பின்னமாக வந்தால் கணக்கு தப்பு என்று அடித்துவிட வேண்டாம், 'உறுப்பு அல்ல' என்பதே விடை.

கோத்தகிரி_பத்தாப்பு:
நன்றிங்க, பாதி விஷயம் பிடிபட்டது. வித்தியாசம் எடுத்துக்கிட்டே போனா எப்பவுமே ஒரு இடத்தில் ஒரே எண் வந்து நிற்குமா?

கொடை_பிளம்ஸ்:
நிற்காது. 3, 6, 12, 24, 48-க்கு எடுத்துப் பாருங்க: 3, 6, 12, 24. மறுபடியும் அதே வரிசை! எத்தனை முறை எடுத்தாலும் அதேதான். அப்படி வந்தால் வித்தியாசத்தை விட்டுவிட்டு ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதால் வகுத்துப் பார்க்கணும், இது பெருக்குத் தொடர்வரிசை. கொஞ்சம் ஒளித்துவைத்தும் கேட்பாங்க: 5, 7, 11, 19, 35. வகுத்தா ஒன்றும் வராது. வித்தியாசம் 2, 4, 8, 16. இரண்டின் அடுக்குகள் தெரியுதா? ஒவ்வொன்றிலும் 3 கழித்தால் 2, 4, 8, 16, 32. அதாவது 2-இன் அடுக்கு ந, கூட்டல் 3.

மூன்றாவது வரிசையில் நிற்பதும் உண்டு. கொடைக்கானல் ரோட்டோரக் கடையில் பிளம்ஸ் கோபுரமாக அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்க. அடியில் 4-க்கு 4, நான்கு பழங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒன்று வீதம் மேலே 3-க்கு 3, அப்புறம் 2-க்கு 2, உச்சியில் ஒன்று. 1, 2, 3, 4, 5 அடுக்குக்கு மொத்தம் 1, 5, 14, 30, 55 பழம். வித்தியாசம் 4, 9, 16, 25. அடுத்து 5, 7, 9. அடுத்து 2, 2. மூன்றாவதில் நின்றால் உள்ளே ந³ இருக்கு. வெறும் ந³-க்கு மூன்றாவது வித்தியாசம் 6, அதனால் இங்கே 2-ஐ 6-ஆல் வகுக்கணும், பாதி இல்லை. ந³-க்கு முன்னால் 1/3. முழுசா எழுதினால் ந(ந + 1)(2ந + 1)/6. 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தில் வர்க்கங்களின் கூடுதலுக்குக் கொடுத்திருக்கும் அதே சூத்திரம்.

குன்னூர்_கணக்கு:
ஒன்று சேர்த்துக்கிறேன். மூன்றே உறுப்பு இருந்தால் இரண்டாவது வித்தியாசம் ஒன்றுதான் கிடைக்கும், அது 'மாறாமல் இருக்கு' என்று சொல்லவே முடியாது. குறைந்தது நான்கு வேணும், ஐந்து இருந்தால் நல்லது. அதுகூடச் சில நேரம் காலை வாரும். வட்டத்தின் மேல் 1, 2, 3, 4, 5 புள்ளி வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்தால் கிடைக்கும் பகுதிகள் 1, 2, 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு 32 என்று எழுதாதவங்க குறைவு. மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதபடி ஆறு புள்ளி வைத்து வரைந்து எண்ணிப் பாருங்க, 31தான்.