லோட்டஸ் எலானில் சுருளும் சீட் பெல்ட்: ரீல் பூட்டிக்கொள்கிறது

வண்டி 1969 லோட்டஸ் எலான் எஸ்4, துணிக்கூரை. சுருளாத பழைய பெல்ட்டுக்குப் பதிலாகத் தானே சுருளும் பெல்ட் மாட்டப் பார்க்கிறேன். போன மாதத்திலிருந்து இழுபறி.

சீட்டுக்குப் பின்னால், சக்கர வளைவின் மேல் ரீலை (பெல்ட் சுருளும் உருளை) பொருத்தினால் பெல்ட் ஒரு சாண்கூட வராமல் பூட்டிக்கொள்கிறது. கழற்றிக் கையில் நேராகப் பிடித்தால் தாராளமாக வருகிறது. ஆக ரீல் பழுதில்லை, ரீல் சாய்ந்தால் பெல்ட்டைப் பூட்டிவிடும் சாய்வு உணரி உள்ளே இருக்கிறது, அதுதான் தடுக்கிறது. ஆப்பு மாதிரி தகடு வைத்து நிமிர்த்தினேன். பூட்டுவது நின்றது, ஆனால் மடித்த கூரையின் சட்டம் பெல்ட்டில் உரசுகிறது.

பெல்ட்டை மாட்டும் போல்ட் 7/16 அங்குல யுஎன்எஃப் (நெருக்கமான மரை). உடல் ஃபைபர் கிளாஸ் என்பதால் புதுத் துளை போடத் துணிவில்லை.

இதே இடத்தில், உணரியின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வகை ரீலை யாராவது பொருத்தியிருக்கிறீர்களா?