நோட்லிஸ்ட்டில் முகவரி தேட டேட்டாபேஸ் வேணுமா?

தோவாளைப்பூ: 1984ல டாம் ஜென்னிங்ஸ் ஆரம்பிச்ச ஃபைடோநெட், மோடம் வழியா புல்லட்டின் போர்டுகளைக் கோர்த்த வலை, இன்னும் உயிரோட இருக்கு. அதோட நோட்லிஸ்ட்டில, அதாவது எல்லா நோடும் (வலையில உள்ள ஒவ்வொரு போர்டும்) இருக்க பட்டியல்ல, முகவரி தேட பைத்தான்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதுறேன். எல்லாத்தையும் எஸ்க்யூலைட்ங்கிற சின்ன டேட்டாபேஸ்ல ஏத்திரலாம்னு இருக்கேன். சரிதானா?

குளச்சல்காரன்: எதுக்குடே டேட்டாபேஸ்? அது கமா போட்ட டெக்ஸ்ட் ஃபைல். 90கள் நடுவுல 30,000 நோடுக்கு மேல இருந்துச்சு, அன்னைக்குள்ள மெஷினுக்கு இண்டெக்ஸ் தேவைப்பட்டுது. இன்னைக்கு வரி வரியா வார்த்தை தேடுற கிரெப் கமாண்டே போதும்.

மார்த்தாண்டம்தேன்: கிரெப்பா? ஓய், வரியில முழு முகவரியே கிடையாதே! கற்பனையா ஒண்ணு சொல்லுதேன்:

,10,கடலோரம்,நாகர்கோவில்,ஆரோ_ஒருத்தர்,-அன்பப்ளிஷ்டு-,300,சிஎம்,ஐபிஎன்

இதோட முகவரி 3:999/10னு வச்சுக்குங்க, அதாவது ஸோன்:நெட்/நோடு. ஸோன்னா பெரிய பகுதி, நெட்னா அதுக்குள்ள ஒரு வட்டாரம். வரியில இருக்கது வெறும் 10. நெட் 999ங்கிறது மேல எங்கயோ கிடக்க, அந்த நெட்டைத் தொடங்குற ஹோஸ்ட் வரியில, ஸோன் 3 அதுக்கும் மேல. கடற்கரையில போய் ‘சர்ச்சுக்குப் பக்கத்து வீடு’ன்னு கேட்ட மாதிரிதான். எந்த ஊரு சர்ச்?

குளச்சல்காரன்: சரி, கிரெப்னது வாய் தவறிட்டு. மேலேருந்து வாசிச்சுட்டே வா, ஸோனும் ஹோஸ்ட்டும் வரும்போ ரெண்டு வேரியபிளை மாத்து. இருபது வரி கோடு.

தோவாளைப்பூ: அண்ணே, அதுலதான் நான் விழுந்தேன். ஸோனுக்கும் நெட்டுக்கும் இடையில ரீஜியன்னு ஒரு வரி வருமே, அதைக் கவனிக்கல. ரீஜியனுக்கு நேரடியா கீழ உள்ள நோடெல்லாம் முந்தின நெட்டோட போய் ஒட்டிக்கிட்டு. ரெண்டு ராத்திரி போச்சு. நெட்டுக்குள்ள சில நோடுகளைச் சேர்க்கிற ஹப் வரி நெட்டை மாத்தாதுங்கிறதும் அப்பதான் புரிஞ்சுது. இவ்வளவு பாடுபட்டு பிரிச்சதை சேமிச்சு வச்சா என்ன?

குளச்சல்காரன்: வச்சுக்கோ. அடுத்த வாரம் நோட்டிஃப், அதாவது பட்டியல்ல மாறினதை மட்டும் சொல்ற டிஃப் ஃபைல், வருமே, அப்ப? அதுல எந்த முகவரியை அழிக்கணும்னு இருக்காது. ‘சி120’ன்னா 120 வரியை அப்படியே எடு, ‘டி2’ன்னா ரெண்டு வரியை விடு, ‘ஏ1’ன்னா அடுத்த ஒரு வரியைச் சேரு. எல்லாம் வரிக்கணக்கு. உன் டேபிள்ல எந்த ரெண்டை அழிப்பே?

மார்த்தாண்டம்தேன்: இது நியாயம். ஆனா டிஃபை ஃபைல்ல போட்டு, முதல் வரியில இருக்க சிஆர்சியை (ஃபைல் பிழையில்லாம இருக்கான்னு காட்டுற எண்) சரிபார்த்துட்டு டேபிளை மொத்தமா திரும்பக் கட்டலாமே. ‘டௌன் ஆகாத, ஐபிஎன் (இன்டர்நெட் வழியா பேசும்ங்கிற கொடி) உள்ள நோடு எல்லாம் குடு’ன்னு கேக்கணும்னா டேபிள்தான் சுகம். ஐஎன்ஏ கொடியில ஹோஸ்ட்நேம் (இன்டர்நெட் முகவரி) கிடைக்கும், போர்ட் சொல்லலைன்னா 24554. ஒரு வரியில முடிஞ்சிரும்.

தோவாளைப்பூ: அப்ப ஃபைல்தான் அசல். ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம் மெமரியில மட்டும் எஸ்க்யூலைட் டேபிள் கட்டிக்கிடுதேன்.

குளச்சல்காரன்: மெமரியில மட்டும்னா பைத்தானோட ஒரு டிக்ஷனரி போதாதாடே?