«தேரேகால்புதூர் வீடு» குழுவில் ஒரு கராஜ் கதவுப் பஞ்சாயத்து

(ஜனவரி, சனிக்கிழமை. நேரமெல்லாம் கவிதா இருக்கும் பாத்தல் கணக்கு. அமெரிக்காவில் சியாட்டிலுக்கு வடக்கே உள்ள ஊர். நாகர்கோவிலில் அப்போது ஞாயிறு காலை.)

கவிதா, மாலை 6:52
யாராவது விழித்திருக்கிறீர்களா? எங்கள் கராஜ் கதவு இன்று பாதியில் நின்றுவிட்டது. கதவைத் திறந்து மூடுகிற மோட்டார் புதிதாக வாங்க வேண்டும். பெல்ட்டா, செயினா, சுவரில் மாட்டுகிற வகையா? தலை சுற்றுகிறது.

கவிதா, 6:53
[படம்: துருப்பிடித்த செயின்]

அம்மா, 6:55
ஐயோ. கை கால் ஒன்றும் மாட்டவில்லையே?

கவிதா, 6:55
இல்லை அம்மா. கார்தான் வெளியே மழையில் நிற்கிறது.

அம்மா, 6:57
செயின் சைக்கிள் செயின் மாதிரி இருக்கிறதே. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்.

கவிதா, 6:58
இங்கே தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாக நிற்கிறது. தலைக்கு வைக்கவே வெந்நீரில் வைத்து உருக்குகிறேன் 😄

முரளி அண்ணன், 7:03
கவி, அந்த மோட்டார் வீட்டோடு வந்ததா? எந்த வருடம்?

கவிதா, 7:05
பக்கத்தில் 1996 என்று ஒட்டியிருக்கிறது. செயின் வகை, அரை எச்பி. மத்தியானம் ஒருவர் வந்து பார்த்தார். «உங்கள் ஊர் ஈரத்துக்கு அரை எச்பி போதாது, ஒன்றேகால் போடுங்கள்» என்று விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மொத்தமே 5 நிமிடம்.

பிரபு, 7:06
எனக்குச் சுவரில் மாட்டுகிற வகைதான் பிடித்திருக்கிறது. கூரையில் தண்டவாளம் கிடையாது. மேலே சைக்கிள்களைத் தொங்கவிடலாம்.

முரளி அண்ணன், 7:08
அது வழக்கமான வகையைவிட விலை கூட, மாப்பிள்ளை. ஆனால் நல்ல சாமான்தான். கதவுக்கு மேலே ஓடுகிற தண்டையே நேராகச் சுற்றும்.

சித்தி (வேளச்சேரி), 7:10
சென்னையைவிடவா அங்கே மழை? டிசம்பரில் எங்கள் தெருவில் படகு விட்டார்கள்.

முரளி அண்ணன், 7:13
அளவில் சென்னைதான் ஜெயிக்கும் சித்தி. சியாட்டிலில் வருடத்துக்கு 950 மில்லிமீட்டர் அளவுதான், சென்னையில் 1,400. ஆனால் உங்களுக்கு ஊற்றிவிட்டு வெயில் வந்துவிடும். இங்கே 150 நாள் போலத் தூறிக்கொண்டே இருக்கும். அக்டோபரில் நனைந்தது ஏப்ரல் வரை காயாது. இரும்புக்கு எமன் இந்த நசநசப்புதான்.

ரவி மாமா, 7:16
கவிதா மக்களே. கதவைக் கையால் தூக்கிப் பார்த்தாயா?

கவிதா, 7:17
இல்லை மாமா. மோட்டார் இருக்கும்போது கையால் எதற்கு?

ரவி மாமா, 7:21
முப்பது வருடம் வைண்டிங் கடை வைத்திருந்தேன். «மோட்டார் போயிற்று அண்ணாச்சி» என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பாதிப் பேருக்கு மோட்டாரில் ஒன்றும் இருக்காது, அது இழுக்கிற சாமான் இறுகியிருக்கும். கடை ஷட்டரைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, சின்னப் பையன் ஒற்றைக் கையால் எப்படித் தூக்குகிறான்? மேலே உருளைக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. உன் கதவுக்கும் இருக்கும். எடையைச் சுமப்பது அதுதான். மோட்டார் சும்மா கூடவே வந்து தள்ளிவிடுகிற ஆள்.

முரளி அண்ணன், 7:23
மாமா சொல்வது சரி. மோட்டாரிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், அதை இழுத்தால் கதவு தனியாகிவிடும். கதவு முழுக்க மூடியிருக்கும்போது மட்டும் இழு. திறந்திருக்கும்போது இழுத்து, ஸ்பிரிங்கும் சரியில்லை என்றால் கதவு அப்படியே தலையில் இறங்கும்.

அம்மா, 7:24
பிரபுவைச் செய்யச் சொல். நீ தள்ளி நில்.

பிரபு, 7:24
நன்றி அத்தை 🙏

பிரபு, 7:41
கதவு மூடித்தான் இருந்தது. கயிற்றை இழுத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். முட்டிக்கு மேல் வரவில்லை. விட்டதும் தொப்பென்று விழுந்தது. நல்ல கதவு என்றால் பாதியில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டுமாமே?

ரவி மாமா, 7:42
அதேதான். விடு, இனித் தூக்காதே. கதவுக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங்கைப் படம் எடுத்து அனுப்பு. கை வைக்காதே.

பிரபு, 7:46
[படம்]

[படம்]

ரவி மாமா, 7:49
இரண்டாவது படத்தில் இடது ஸ்பிரிங்கைப் பெரிதாக்கிப் பார். சுருள் நெருக்கமாக வந்து, நடுவில் இரண்டு விரல் போகிற அளவு இடைவெளி தெரிகிறது. அதை இரண்டு ஸ்பிரிங் என்று நினைத்துவிடாதே, ஒன்று ஒடிந்து இரண்டாகியிருக்கிறது. ஒடிந்த முனையில் செம்மண் நிறம் தெரிகிறது பார், துரு உள்ளே இறங்கிய இடம்.

கவிதா, 7:50
அடப்பாவமே. நான் அதை அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று நினைத்தேன்!

பிரபு, 7:51
அப்படியென்றால் இத்தனை நாள் ஒரு ஸ்பிரிங்கில்தான் ஓடியதா?

ரவி மாமா, 7:53
ஆமாம். மீதியை அந்தக் கிழட்டு அரை எச்பி இழுத்திருக்கிறது. அதற்குக் கும்பிடு போட வேண்டும். ஒன்றேகால் எச்பி போட்டிருந்தால் அதுவும் கொஞ்ச நாள் இழுத்திருக்கும், அப்புறம் அதன் பல்சக்கரம் போயிருக்கும்.

முரளி அண்ணன், 7:57
சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 தடவை திறந்து மூடுகிற ஆயுள் என்று கணக்கு. நாளைக்கு நாலு தடவை என்றால் ஏழு வருடத்துக்குள் முடிந்துவிடும். துரு பிடித்தால் அதற்கும் முன்னாலேயே. மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றச் சொல், கொஞ்சம் கூடக் கொடுத்தால் 20,000 தடவை தாங்குவது கிடைக்கும். ஆனால் யூடியூப் பார்த்து நீங்களே கழற்றாதீர்கள். முறுக்கி வைத்த ஸ்பிரிங், கை எலும்பை உடைத்துவிடும்.

பிரபு, 7:58
யூடியூப் ஏற்கெனவே திறந்து வைத்திருந்தேன். மூடிவிட்டேன்.

கவிதா, 8:04
முரளி அண்ணா, கதவும் பழைய மரக் கதவு. அடிப் பலகையில் கட்டை விரலை அழுத்தினால் ரஸ்க் மாதிரி உள்ளே போகிறது.

முரளி அண்ணன், 8:09
அப்படியென்றால் கணக்கே மாறுகிறது. மரம் தண்ணீர் குடித்தால் எடை ஏறும். இரட்டைக் கார் அகலத்துக்கு மரக் கதவு காய்ந்திருக்கும்போதே 100 கிலோவைத் தாண்டும். ஸ்பிரிங்கைக் கதவின் எடைக்கு அளந்துதான் போடுவார்கள். இன்று மரக் கதவுக்கு ஸ்பிரிங் போட்டுவிட்டு அடுத்த வருடம் தகரக் கதவு மாற்றினால், ஸ்பிரிங் திரும்பவும் மாற்ற வேண்டும். முதலில் கதவைத் தீர்மானி, அதற்கு ஸ்பிரிங், கடைசியில் மோட்டார்.

கவிதா, 8:11
நான் மோட்டார் கேட்க வந்தேன், நீங்கள் எனக்கு முழுக் கதவையும் விற்கிறீர்கள் 😩

சித்தி (வேளச்சேரி), 8:12
கார் வாங்கினால் வீடு கட்டச் சொல்கிற குடும்பம் இது.

முரளி அண்ணன், 8:15
சரி, மோட்டாருக்கு வருகிறேன். கராஜுக்கு மேலே என்ன அறை?

கவிதா, 8:15
எங்கள் படுக்கையறை. பிரபுவுக்கு ஷிஃப்ட் காலை 5 மணிக்கு. செயின் சத்தத்தில் குட்டி தினமும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறான்.

முரளி அண்ணன், 8:20
செயினை மறந்துவிடு. பெல்ட் ரப்பர், துருப்பிடிக்காது, எண்ணெய் வேண்டாம், சத்தமும் குறைவு. டிசி மோட்டாராகப் பார்த்து வாங்கு, மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும். கதவு சமநிலையில் இருந்தால் முக்கால் எச்பி தாராளம். பேட்டரி உள்ளதாக இருக்கட்டும். 2024 நவம்பர் 19 காற்று ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் நாலு நாள் கரண்ட் இல்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து பேட்டரி இல்லாமல் புது மோட்டார் விற்கவே கூடாது, காட்டுத் தீயின்போது கரண்ட் போய் ஆட்கள் கராஜில் மாட்டிக்கொண்டதால் வந்த சட்டம். இங்கே அப்படிச் சட்டம் இல்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பிரபு, 8:22
சுவர் மோட்டாருக்கும் பேட்டரி உண்டு. அதற்கு ஏன் யாரும் ஓட்டுப் போடவில்லை?

ரவி மாமா, 8:24
மாப்பிள்ளை, எந்தச் சுவரில் மாட்டுவீர்கள்? ஸ்பிரிங் படத்தில் இடப்பக்கச் சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே.

கவிதா, 8:27
அது ஓதம் மாமா. வெளியே கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் அந்த மூலையில்தான் உடைந்திருக்கிறது. வலப்பக்கம் வெந்நீர்த் தொட்டி, இடமே கிடையாது.

ரவி மாமா, 8:28
ஓதச் சுவரை ஒட்டி சர்க்யூட் போர்டு உள்ள சாமானைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். எந்தக் கம்பெனி செய்தாலும் சரி. கூரை நடுவில் தொங்குவதுதான் உங்களுக்குக் காற்றோட்டமான இடம்.

பிரபு, 8:29
சரி. சைக்கிள் தரையிலேயே நிற்கட்டும்.

கவிதா, 8:33
இன்னொரு தொல்லை. காலையில் கதவு பாதி இறங்கித் திரும்ப ஏறிவிடும். விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்கும். மத்தியானம் சரியாகிவிடும். பேய் வீடா என்று கூடப் பார்த்தேன்.

முரளி அண்ணன், 8:36
பேய் இல்லை, கண். கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் இரண்டு சின்னக் கண் இருக்கும், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே. நடுவில் குழந்தையோ பூனையோ வந்தால் கதவு இறங்காது. 1993 முதல் செய்த எல்லா வீட்டு மோட்டாருக்கும் இந்த நாட்டில் இப்படியொரு பாதுகாப்பு கட்டாயம். விடியற்காலைக் குளிரில் அதன் மேல் பனி படிந்தால் குழந்தை நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

பிரபு, 8:44
இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கண்ணில் சிலந்தி வலை, வலை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். வயர் முனையில் செம்பு பச்சையாகியிருக்கிறது.

ரவி மாமா, 8:45
களிம்பு. அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி இணைக்கச் சொல். புது மோட்டார் போடும்போது பழைய வயரையே மாட்டிவிட்டுப் போகப் பார்ப்பார்கள், விடாதே. வயரும் புதிது, கண்ணும் புதிது.

முரளி அண்ணன், 8:49
ரோலரும் நைலானில், பேரிங் மூடியதாகக் கேளுங்கள். கீல்களுக்கு வருடம் இரண்டு முறை சிலிகான் ஸ்ப்ரே. அப்புறம் மலிவான எல்இடி பல்பை மோட்டாரில் போடாதீர்கள், சில பல்பு ரிமோட் சிக்னலைக் கெடுக்கும். ஆறு மாதம் நான் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் குற்றவாளி பல்பு.

கவிதா, 8:52
அந்த ஒன்றேகால் எச்பி ஆளுக்கு என்ன சொல்வது?

சித்தி (வேளச்சேரி), 8:53
«ஸ்பிரிங்கைப் பார்த்தீர்களா» என்று மட்டும் கேள். வேறொன்றும் சொல்லாதே.

(மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை)

கவிதா, மாலை 5:31
தகரக் கதவு, இரண்டு ஸ்பிரிங், பெல்ட் மோட்டார். எல்லாம் இன்று முடிந்தது. வேறு ஆளை வைத்துச் செய்தோம். வந்ததும் கயிற்றை இழுத்துக் கதவைப் பாதியில் நிறுத்திக் காட்டினார். அப்புறம் கதவுக்கு அடியில் ஒரு பலகையைப் படுக்க வைத்து மூடினார், தொட்டதும் திரும்பி ஏறியது. மாமா சொன்னதை வைத்து வயரையும் மாற்றச் சொன்னேன். என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

பிரபு, 5:32
மழைத் தண்ணீர்க் குழாயையும் மாற்றியாகிவிட்டது. அதை நானே செய்தேன்.

ரவி மாமா, 5:34
அதுதான் இதில் பெரிய வேலை மாப்பிள்ளை.

கவிதா, 5:35
[வீடியோ, 14 நொடி]

அம்மா, 5:38
கதவு போவது தெரிகிறது. சத்தம் வரவில்லையே, என் போனில் ஏதாவது கோளாறா?

கவிதா, 5:38
கடைசியில் குட்டி «பாட்டீ» என்று கத்துவது கேட்கிறதா?

அம்மா, 5:39
அது கேட்கிறது.

கவிதா, 5:39
அப்படியென்றால் போன் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா.