ரீபூட்டுக்கு 'வழிக்கதை': ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம். காமிக்ஸ் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் பட்டியலில் ரீபூட்டுக்கு, அதாவது ஒரு நாயகனின் கதையை முதலிலிருந்து புதிதாகச் சொல்வதற்கு, ஒரு சொல்லைப் பரிந்துரைக்கிறேன். இதையொட்டி வாசகர்கள் கேட்டவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

> ரீபூட்டுக்குத்தான் மறுதொடக்கம் இருக்கிறதே. கணினிக்கு ஒரு சொல், காமிக்ஸுக்கு வேறு சொல் எதற்கு?

கணினியை மறுதொடக்கம் செய்தால் வட்டில் உள்ள கோப்புகள் அப்படியே இருக்கும். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் ரீபூட் என்றால் பழைய கோப்பு எதுவும் இல்லாத வெறும் வட்டோடு கிளம்புவது. அதற்காக மறுதொடக்கத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ரீலாஞ்சுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்: கதை பழையபடி ஓடிக்கொண்டிருக்கும், அட்டையில் மட்டும் மறுபடி இதழ் எண் 1 வரும். எண் 600-ஐப் பார்த்துப் புது வாசகர் மிரளக்கூடாது என்று பதிப்பகங்கள் செய்கிற வேலை அது. வாங்கிப் புரட்டினால் உள்ளே பழைய வில்லன், பழைய பகை, தலையும் புரியாது வாலும் புரியாது.

ரீபூட்டுக்கு நான் முன்வைப்பது 'வழிக்கதை'. முதல்நூலைத் தழுவி எழுதும் வழிநூலுக்கு நன்னூல் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள்: "முன்னோர் நூலின் முடிபுஒருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி அழியா மரபினது வழிநூல் ஆகும்." அதாவது முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்னால் வருபவர் விரும்பும் மாறுதல்களைச் (விகற்பம்) சொல்லி, மரபு அழியாமல் வருவது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஏதோ ஸ்பைடர்-மேனைப் படித்துவிட்டு எழுதியது போலவே இருக்கிறது.

1962-இல் வந்த ஸ்பைடர்-மேனின் முதல் கதை மொத்தம் 11 பக்கம். சிலந்தி கடிப்பது, திருடனைத் தப்பவிடுவது, மாமா பென் சாவது, அதே திருடன்தான் கொலைகாரன் என்று தெரிவது எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். மாமாவோடு நாம் நாலு வார்த்தை பேசிப் பழகுவதற்குள் ஆள் போய்விடுவார். 2000-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் மார்க் பேக்லியும் அல்டிமேட் ஸ்பைடர்-மேனைத் தொடங்கியபோது இதே கதையை ஏழு இதழ்களுக்கு விரித்தார்கள். கதிரியக்கச் சிலந்தி மரபணு மாற்றிய சிலந்தியானது. பீட்டர் வேலை பார்ப்பது செய்தித்தாளின் இணையதளத்தில். அதெல்லாம் பின்னோன் வேண்டிய விகற்பம். மாமாவின் சாவும் பையனின் குற்றவுணர்வும் மாறவில்லை. அது அழியா மரபு. பழைய ஸ்பைடர்-மேன் தொடரோ தன் பாட்டுக்குத் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 38 ஆண்டுக் கதையில் ஒரு வரிகூடத் தெரியாதவர் இதை எடுத்து உட்கார்ந்து படிக்கலாம். பழைய கதை அழிகிறதா, வேறோர் உலகில் தொடர்கிறதா என்பது பதிப்பகத்தின் கவலை. முன்கதை தெரியாமலே படிக்க முடிந்தால் அது வழிக்கதை. வரையறையை இந்த ஒன்றில் நிறுத்தினால் போதும் என்பேன்.

> மறுபிறப்பு என்று வைத்தால் என்ன?

அழகான சொல்தான். உடல் புதிது, போன பிறவி நினைவு கிடையாது. ஆனால் டிசி நிறுவனம் 2016-இல் அதே பொருள்பட ரீபர்த் என்று பெயர் வைத்து நேர்மாறாகச் செய்துவிட்டது. காணாமல் போயிருந்த ஃப்ளாஷ் நாயகன் வாலி வெஸ்ட் திரும்பி வந்ததே பழைய நினைவுகளோடுதான். குழப்பம் நமக்கு எதற்கு?

அப்புறம் ரெட்கான், அதாவது ஏற்கெனவே வந்துவிட்ட கதைக்குப் பிற்பாடு வேறு விளக்கம் கொடுப்பது. இதற்கு 'முன்கதைத் திருத்தம்'. முன்கதைச் சுருக்கம் படித்துப் பழகிய தொடர்கதை வாசகருக்கு விளக்கமே தேவைப்படாது. 1964-இல் கேப்டன் அமெரிக்காவை அவெஞ்சர்ஸ் 4-ஆம் இதழில் மீட்டுக் கொண்டுவந்தார்கள்; இரண்டாம் உலகப் போரின் கடைசியிலிருந்து பனிக்கட்டியில் உறைந்து கிடந்தார் என்று கதை. சரி, அப்படியானால் 1953-54-இல் வந்த இதழ்களில் கம்யூனிஸ்ட்டுகளைத் துரத்திக்கொண்டிருந்தது யார்? 1972-இல்தான் விடை கொடுத்தார்கள்: அது அவர் வேடத்தில் இருந்த வேறொருவர். நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லாமல், நடந்ததன் பொருளை மாற்றுவது. அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் காயம்பட்ட இடம் 1963-இல் வியட்நாமாக இருந்து பிற்பாடு ஆப்கானிஸ்தான் ஆனதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

> டிசியின் நியூ 52-ஐ எதில் சேர்ப்பீர்கள்?

நல்ல கேள்வி. 2011-இல் 52 தொடர்களையும் எண் 1-இலிருந்து ஆரம்பித்தார்கள். சூப்பர்மேனுக்குப் புது வரலாறு. பேட்மேனும் கிரீன் லாந்தர்னும் பழைய வரலாற்றில் பெரும்பகுதியைக் கையோடு கொண்டுவந்தார்கள். நாயகர்கள் தோன்றியே ஐந்து ஆண்டுதான் ஆகிறது என்றும் சொன்னார்கள். அதற்குள் பேட்மேனுக்கு எப்படி அடுத்தடுத்து நான்கு ராபின்கள் (அவருடைய இளம் துணைவர்கள்) வந்தார்கள் என்று வாசகர்கள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்ததும் மானம் போயிற்று. என்னைக் கேட்டால் சூப்பர்மேன் வழிக்கதை, பேட்மேன் வெறும் மறுதொடக்கம், ராபின்கள் விஷயம் முன்கதைத் திருத்தம். ஒரே திட்டத்துக்கு மூன்று சொல் தேவைப்படுகிறது என்றால் கோளாறு திட்டத்தில் இருக்கிறது.

கிளைக்கதையோடு குழம்பும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கிளைக்கதையை ஸ்பின்-ஆஃபுக்கு ஒதுக்கிவிட்டால் சிக்கல் இருக்காது. அதில் துணைப்பாத்திரம் தனியாகக் கிளம்பும், வழிக்கதையில் அதே நாயகன் புதிதாகக் கிளம்புவான். வினையாக 'வழிக்கதையாக்கு' கொஞ்சம் நீளம்தான். 'வழிப்படுத்து' ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. சுருக்கமாக யாருக்காவது ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், பட்டியலில் சேர்த்துவிடலாம்.