டூட்டுவின் ஜெபம் மனித உரிமைப் பாடமா?

வைகைக்கரையான்:
"ஆன்மிகம் கலக்காத மனித உரிமைக் கல்வி வெறும் மனப்பாடம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்து, உண்மையை ஒப்புக்கொண்ட குற்றவாளிகளுக்குப் பொதுமன்னிப்பும் தந்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தை அதன் தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு ஜெபத்தோடு தொடங்கியதால்தான் தென்னாப்பிரிக்காவில் பழிக்குப் பழி நடக்கவில்லையாம். பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தால், கொலைகாரனை மன்னிப்பது செத்தவன் வீட்டாரின் கடமை என்றுதான் மனதில் பதியும்.

அமுதன்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரையே சொல்லலாம். 1996 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரில் முதல் விசாரணை ஜெபத்தோடுதான் தொடங்கியது. சித்திரவதைப்பட்டவர் பேச முடியாமல் உடைந்தபோது டூட்டுவும் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். எந்தச் சட்டப் பிரிவு ஒரு தலைவரை அப்படி அழவைக்கும்?

வைகைக்கரையான்:
அழுகை இருக்கட்டும், ஜெபத்துக்கு வாருங்கள். நிறவெறியை எதிர்த்துப் போராடிய ஸ்டீவ் பிகோ 1977இல் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்தார். கொலைகாரர்களுக்குப் பொதுமன்னிப்பு கூடாது என்று அவர் குடும்பம் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. ஜெபம் அவர்களுக்கு என்ன தந்தது?

பவானி டீச்சர்:
பொதுமன்னிப்பு கேட்டு 7,000க்கு மேல் மனுக்கள் வந்தன, கிடைத்தது 849 பேருக்கு. உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. பிகோ வழக்குப் போலீஸ்காரர்களின் மனுக்களும் தள்ளுபடிதான். வகுப்பில் நான் இதைத்தான் நடத்துகிறேன்.

வைகைக்கரையான்:
தள்ளுபடியான பிறகு பிகோவுக்காக யார் ஜெயிலுக்குப் போனார்கள், டீச்சர்? ஒருவரும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2003இல் தலைக்கு 30,000 ராண்ட் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். ஆணையம் சிபாரிசு செய்தது அதைவிடப் பல மடங்கு. ஜெபம் வேண்டாம், மௌனம் போதும் என்று ஆணையத்துக்குள்ளேயே குரல் எழுந்ததே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

அமுதன்:
நான் எதையும் மறைக்கவில்லை. பணம் தராதது அரசாங்கம், அந்தப் பழியை ஏன் டூட்டு தலையில் போடுகிறீர்கள்? போன மாதம் யோகா வகுப்பு பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என் ஊரை இழுத்தீர்கள்.

வைகைக்கரையான்:
ஊரை முதலில் இழுத்தது நீங்கள். பழைய பதிவுகள் அப்படியே இருக்கின்றன, போய்ப் பாருங்கள்.

பவானி டீச்சர்:
நிறவெறிச் சட்டங்களுக்கு வேதத்தைக் காட்டி நியாயம் சொன்ன டச்சு சீர்திருத்தச் சபையும் ஜெபம் செய்த சபைதான். அதைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

அமுதன்:
அந்தச் சபையை எதிர்த்து நின்றவர்களும் ஜெபம் செய்தவர்கள்தான், டீச்சர்.

வைகைக்கரையான்:
சரி, மறுபடியும் கேட்கிறேன். பிகோவின் மனைவிக்கு அந்த ஜெபம் என்ன தந்தது?